மடியில் இருந்த சிவப்புக் கட்டை

புதன்கிழமை சந்திரவதி சொன்ன வார்த்தைக்கு, வெள்ளிக்கிழமை காலை வரை சாந்தாமணி பதில் சொல்லவில்லை.

"மெட்ராஸ்ல கூப்புடறாங்க இல்ல, போயிடேன் சாந்தா. எத்தினி நாளைக்கு என் வீட்டுல நான் ரெண்டாவது ஆளா இருக்கறது?"

அண்ணி சொன்னதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த அண்ணன் அஜிதநாதன் தலை நிமிரவே இல்லை. அதுதான் இரண்டு நாளாக உறுத்திக்கொண்டிருந்தது.

பிள்ளை இல்லையென்று மேல்சித்தாமூரில் புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிய பிறகு, சாந்தாமணி விழுப்புரத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். திண்டிவனத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. தினமும் காலை பாசஞ்சரில் போய், மாலை பாசஞ்சரில் திரும்புவாள். கூடையும் குடமும் கைக்குழந்தையுமாக நெரியும் பெண்கள் பெட்டியில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போகும்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

ஒரு முழம் நீளத்தில், ரயில் பெட்டி போலவே ஒரு மரப்பெட்டி. மேலே கூரை கிடையாது. உள்ளே ஒரு கட்டைக்கான இடம் தவிர இண்டு இடுக்கில்லாமல் மரக்கட்டைகள். கூடைக்காரி சதுரக் கட்டை. குடை வைத்திருப்பவள் நீளக் கட்டை. பால்கேன் குட்டையானது. எல்லாம் அடியில் வெட்டிய பள்ளத்தில் ஓடும். கையால் தூக்க வராது, நகர்த்தத்தான் முடியும். உள் மூலையில் ஒரு தாய். அவள் மடியில், புளியங்கொட்டை அளவில் சிவப்புச் சாயம் பூசிய ஒரு குழந்தை. அதை மட்டும் கழற்றி மாட்டலாம். ஒவ்வொருத்தியாக நகர்த்தி, தாயைக் கதவருகே கொண்டுவந்தால், அடியில் இருக்கும் கம்பிச்சுருள் அமுங்கிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். கதவுக்கு வெளியே 'திண்டிவனம்' என்று எழுதியிருந்தாள்.

பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்த பொருள். எப்படியோ அதைப் பார்த்த ஒருவர் மூலம், சென்னையில் ஒரு சிறுவர் பள்ளியிலிருந்து கைத்தொழில் ஆசிரியையாக வரச் சொல்லி அழைப்பு வந்திருந்தது. திங்கட்கிழமை பெட்டியோடு வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கு உள்ளூர் விடுமுறை. அஜிதநாதன் விடிந்ததுமே மல்லாட்டை மண்டியின் வேர்க்கடலை லாரியில் விக்கிரவாண்டிக்குப் போயிருந்தார். சந்திரவதி பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு வயது நிறையாத அவள் மகன் சுமதிகுமார், கூடத்துப் பாயில் அத்தையோடு இருந்தான்.

சாந்தாமணி பெட்டிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து உள்ளே போனாள். பாலை இறக்கி வைத்துத் திரும்பியபோது குழந்தை இருமிக்கொண்டிருந்தான்.

சாதாரண இருமல் இல்லை. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, ஒன்றன்மேல் ஒன்றாக இருமினான். அவள் ஓடிவந்து தூக்கி முதுகைத் தட்டினாள். சற்றைக்கெல்லாம் இருமல் அடங்கியது. குழந்தை அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான்.

அப்போதுதான் அவள் பெட்டியைப் பார்த்தாள். தாயின் மடி காலியாக இருந்தது.

பாயை உதறினாள். எண்ணெய்க் கிண்ணத்துக்குள் பார்த்தாள். முட்டி போட்டுத் தரை முழுக்கக் கையால் துழாவினாள். சிவப்புக் கட்டை எங்கும் இல்லை.

குழந்தை இப்போது அழவில்லை. ஆனால் அவன் மூச்சு விடும்போது உள்ளிருந்து மெல்லிய சீட்டிச் சத்தம் வந்தது. சாந்தாமணி அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள்.

ஒரு கணம், சொல்லாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. வயிற்றுக்குள் போயிருந்தால் நாளைக்குத் தானாக வந்துவிடும். யாருக்கும் தெரியாமல் போய்விடும். அப்படி நினைத்த அதே வேகத்தில் அவள் பின்கட்டுக்கு நடந்தாள்.

"அண்ணி. கொழந்தை கட்டையை முழுங்கிட்டான்."

சந்திரவதி ஈரக்கையோடு நின்றாள். "இன்னா கட்டை?"

"பெட்டியில இருக்கற சின்னது."

*

டாக்டர் வெகுநேரம் குழாயை வைத்துக் கேட்டார். இடப்பக்கம் கேட்டார், வலப்பக்கம் கேட்டார், மறுபடியும் வலப்பக்கம்.

"வயித்துக்குப் போயிருந்தா பயமில்லம்மா. இது மூச்சுக்குழாய்க்குள்ள போயிருக்குது. இங்க அதை எடுக்க வசதி கிடையாது. மெட்ராஸ் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். இப்ப பாசஞ்சர் இருக்குது. ஜல்தியா கிளம்புங்க."

"ஒண்ணும் ஆயிடாதுங்களே?" என்றாள் சந்திரவதி.

டாக்டர் குழந்தையின் மார்பைக் காட்டினார். "இந்தச் சீட்டிச் சத்தம் கேக்குது பாருங்க, அது கேக்கற வரைக்கும் காத்து போய்க்கினு வந்துக்கினு இருக்குதுன்னு அர்த்தம். சத்தம் நின்னு பிள்ளை கம்முனு ஆயிட்டா, எந்த ஊரா இருந்தாலும் இறங்கிடுங்க. அங்க இருக்கற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம், அஜிதநாதனுக்கு விக்கிரவாண்டி மண்டிக்குச் சொல்லி அனுப்பும்படி கேட்டுக்கொண்டு, இருவரும் ஸ்டேஷனுக்கு விரைந்தார்கள்.

அன்று கிருத்திகை. மயிலம் மலைக்குப் போகிற கூட்டமும் சேர்ந்துகொண்டதில், பெண்கள் பெட்டி வாசல்வரை அடைத்திருந்தது. சாந்தாமணி தோளால் இடித்து வழி செய்ய, சந்திரவதி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். ஜன்னல் பக்கமாகத் தரையில் கத்தரிக்காய்க் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் கூடையைத் தன் மடிமேல் ஏற்றிக்கொண்டாள்.

"இங்க குந்தும்மா. பிள்ளைக்கு இன்னா?"

"தொண்டையில மரக்கட்டை," என்றாள் சந்திரவதி. "இதோ நிக்கறாளே, என் நாத்தனாரு. அவ செஞ்சி வச்ச பொம்மை."

வண்டி புறப்பட்டது. இருவரும் குழந்தையின் வாயருகே குனிந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். சீட்டிச் சத்தம் இருந்தது. எஞ்சின் ஊதும்போதெல்லாம் அது அமுங்கிப் போகும். ஊதல் நின்று மறுபடி அது காதில் விழும்வரை இரண்டு பேருக்கும் மூச்சு நின்று வந்தது.

முண்டியம்பாக்கத்தில் இன்னும் கூட்டம் ஏறியது. யாரோ ஒருத்தியின் முழங்கால் சந்திரவதியின் முதுகில் இடித்தது. அவளுக்குள் அடைத்திருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டது.

"ஒரு கொழந்தையப் பெத்து வளத்திருந்தா தெரியும், எதை எட்டற எடத்துல வைக்கணும், எதை வைக்கக் கூடாதுன்னு. பெட்டியாம் பெட்டி. மூணு மாசமா அதே வேலை. வீட்டுல ஒரு உசுரு தவழுதே, நடக்குதேன்னு நெனப்பு இருந்துச்சா?"

சுற்றி இருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாந்தாமணி ஜன்னல் கட்டையைப் பிடித்தபடி நின்றாள். வெளியே கரும்புக் கொல்லைகள் பின்னால் போயின. அண்ணி சொல்வதில் பொய்யென்று எடுத்துச் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

"என் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன் நானு."

கூடைக்காரி, வீரம்மாள் என்று பேர், சந்திரவதியின் முழங்கையைத் தொட்டாள். "பேச்ச விடும்மா. நீ கத்தினா சத்தம் கேக்காது. பிள்ளையப் பாரு."

விக்கிரவாண்டி ஸ்டேஷன், பேரணி ஸ்டேஷன். ஒவ்வொரு நிறுத்தமும் முடிவே இல்லாததுபோல் நீண்டது. குழந்தையின் கழுத்துக்குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே இழுத்தது. சந்திரவதி வாய்க்குள்ளேயே மந்திரம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எப்போது என்று அவளுக்கே தெரியாது, ஒரு கை சாந்தாமணியின் புடவைத் தலைப்பைப் பற்றியிருந்தது.

மயிலத்தில் பாதிக் கூட்டம் இறங்கும் என்று நம்பியிருந்தார்கள். இறங்கியது. அதைவிட அதிகமாக, இரவெல்லாம் மலையில் தங்கியிருந்த மொட்டைத் தலைகளும் காவடிகளும் ஏறின. வண்டி நகர்ந்தது. திண்டிவனம் நெருங்கும்போது எஞ்சின் நீளமாக ஊதியது.

ஊதல் நின்றது. குழந்தையிடமிருந்து சத்தம் வரவில்லை.

"சாந்தா," என்றாள் சந்திரவதி. குரல் எழும்பவில்லை. "சாந்தா, கேக்கல."

சாந்தாமணி குனிந்து பார்த்தாள். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் இருந்தது. கண்கள் திறந்திருந்தன. மார்பு மேலேறித் துடித்தது. ஆனால் காற்று போகவில்லை. அவள் அவனைக் குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டினாள். ஒரு இழுப்பு மட்டும் 'கீச்' என்று வந்தது. பிறகு மீண்டும் ஒன்றுமில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி ஒரு கீச்சு.

சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் வண்டி பொட்டல் காட்டில் நிற்கும். அங்கே யார் இருக்கிறார்கள்? தூரத்தில் திண்டிவனத்தின் கைகாட்டி தெரிந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வண்டி மெதுவாகி நின்றது. இறங்க முடியாது என்று பார்த்தவுடன் தெரிந்தது. பிளாட்பாரத்தில் நின்ற கூட்டம், இறங்குகிறவர்களுக்கு வழி விடாமல் வாசலில் ஏறி முட்டிக்கொண்டிருந்தது. அந்த வாசலை அவளுக்கு நன்றாகத் தெரியும். நெரிசல் அடங்கி வெளியே காலை வைக்கவே சில நாள் வண்டி கிளம்பும் நேரம் ஆகிவிடும்.

கம்பியில்லாத ஜன்னலுக்கு வெளியே, வெள்ளைப் புடவை கட்டிய நடுவயதுப் பெண்மணி ஒருவர் குடையோடு நின்றிருந்தார்.

"அம்மா, கொழந்தைக்கு மூச்சு அடைச்சிக்கிச்சுங்க. கொஞ்சம் பிடிங்க," என்று சாந்தாமணி ஜன்னல் வழியே கத்தினாள்.

சந்திரவதிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவள் எழுந்து பிள்ளையின் காலைப் பற்றிக்கொண்டாள். "யாருகிட்டக் குடுக்கற? குடுக்காத. நான் தர மாட்டேன்."

"அண்ணி, விடுங்க."

"மாட்டேன்."

சாந்தாமணி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிறகு குழந்தையை ஜன்னல் வழியே நீட்டினாள். வெளியிலிருந்து இரண்டு கைகள் அவனை வாங்கிக்கொண்டன. குடை கீழே விழுந்தது. அந்தப் பெண்மணி பிள்ளையோடு கூட்டத்துக்குள் மறைந்துபோனார்.

சந்திரவதி அன்றுவரை அப்படி ஒரு குரலில் கத்தியதில்லை. காவடிக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். வீரம்மாள் கூடையைப் போட்டுவிட்டு எழுந்து, வாசலில் நின்றவர்களைக் கையாலும் வாயாலும் விலக்கினாள். அந்த வழியில் இருவரும் பிளாட்பாரத்தில் விழுந்து எழுந்தார்கள்.

பெண்மணி ஓடிப் போய்விடவில்லை. சற்றுத் தள்ளி, சாமான் தள்ளுவண்டியின்மேல் உட்கார்ந்து, பிள்ளையை முழங்காலில் போட்டுச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"நான் நர்ஸும்மா. சவுரியம்மாள்னு பேரு. இன்னா முழுங்கினான்?"

"மரக்கட்டை," என்றாள் சாந்தாமணி. "சின்னது. சிவப்பா—"

அவள் முடிக்கவில்லை. கழற்றிய சட்டையின் மடிப்பிலிருந்து எதுவோ தெறித்து, கல்தரையில் உருண்டு வந்து சந்திரவதியின் கால் பக்கத்தில் நின்றது.

சிவப்புக் கட்டை.

மூவரும் அதைப் பார்த்தார்கள். நர்ஸ்தான் முதலில் நிமிர்ந்தார்.

"அப்ப உள்ள இருக்கறது இன்னா? வேற இன்னா வாயில போட்டான்?"

"தெரியலீங்க. நான் ஒண்ணும் குடுக்கல," என்றாள் சாந்தாமணி.

சந்திரவதிக்குத் தெரிந்துவிட்டது. காலையில் துவைக்கப் போகும்போது பிள்ளை காலைக் கட்டிக்கொண்டு சிணுங்கினான். கூடத்தில் கொண்டுபோய் விடுவதற்குமுன், வறுத்து வைத்திருந்த மல்லாட்டையில் ஒரு கை அள்ளி அவன் கையில் கொடுத்திருந்தாள். 'பல்லு சரியா முளைக்காத பிள்ளைக்கு மல்லாட்டை குடுக்காதே' என்று அஜிதநாதன் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கட்டை காணவில்லை என்றதும் அந்த நினைவு இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பிள்ளையின் தலையைத் தாழ்த்திப் பிடித்து, உள்ளங்கையால் முதுகில் அடித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார். அவர் முகமும் வெளுத்திருந்தது. குழந்தையின் கை தொங்கி ஆடியது. சந்திரவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

இன்னொரு அடி. ஏதோ வழுக்கி விழும் சத்தம். பிறகு நீளமான ஒரு இழுப்பு. அதன்பின் அழுகை.

சந்திரவதி கண்ணைத் திறந்தபோது, நர்ஸின் வெள்ளைப் புடவைமேல் கோழையோடு ஒரு மல்லாட்டைப் பருப்பு கிடந்தது.

சாந்தாமணி அதைப் பார்த்தாள். நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். குனிந்து சிவப்புக் கட்டையை எடுத்து இடுப்பு முடிச்சில் வைத்துக்கொண்டாள்.

*

திண்டிவனம் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். இரண்டு பக்கமும் காற்று நன்றாகப் போகிறது, ஆனால் ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார். குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்கினான். தூக்கத்தில் அவன் சற்று உரக்க மூச்சு விட்டாலும் இருவரும் துள்ளி எழுந்தார்கள்.

பல முறை சந்திரவதி வாயெடுத்தாள். 'சாந்தா' என்று கூப்பிடவும் செய்தாள்.

"இன்னா அண்ணி?"

"ஒண்ணுமில்ல. தண்ணி இருக்குதா பாரு."

பிற்பகலில் அஜிதநாதன் வந்தார். மண்டி லாரியில் முதலில் விழுப்புரம் வீட்டுக்குப் போய், பிள்ளையைத் திண்டிவனத்தில் இறக்கிவிட்டார்கள் என்று ஸ்டேஷனில் கேட்டறிந்து, அங்கிருந்து வருகிறார். தலையெல்லாம் புழுதி. கட்டில் பக்கம் ஓடி, மகன் மூச்சு விடுவதைக் கையை வைத்துப் பார்த்தார். பிறகுதான் தங்கை பக்கம் திரும்பினார்.

"பாஞ்சாலி எல்லாம் சொன்னா," என்றார். குரல் உயரவில்லை. "அந்தப் பெட்டியைக் குழவிக்கல்லால உடைச்சிட்டுத்தான் வர்றேன். இனிமே அந்த வீட்டுல ஒரு மரத்துண்டு இருக்கக் கூடாது."

சாந்தாமணியின் கை தானாக இடுப்புக்குப் போனது. அங்கே முடிச்சில் சிவப்புக் கட்டை இருந்தது. அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

சந்திரவதி குழந்தையின் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"பாலு வாங்கிக்கினு வர்றேன்," என்று சொல்லிவிட்டு சாந்தாமணி எழுந்து போனாள்.

அஜிதநாதன் துணிப்பையிலிருந்து சோற்றுத் தூக்கை எடுத்து வைத்தார். "பொழுது சாயறதுக்குள்ள சாப்புடு. காலையிலேர்ந்து பட்டினியா இருப்ப."

சந்திரவதி தூக்கைத் திறந்தாள். ஒரு பிடி எடுத்தாள். வாய்க்குப் போகவில்லை.

"அது கட்டை இல்லீங்க," என்றாள்.

"இன்னாது?"

"தொண்டையில இருந்தது கட்டை இல்ல. மல்லாட்டை. நான்தான் குடுத்தேன். கட்டை சட்டைக்குள்ள இருந்துச்சு. சாந்தா மேல ஒரு தப்பும் இல்ல. ரயில்ல அத்தினி பேர் முன்னால நான் அவளைப் பேசக் கூடாத பேச்சுப் பேசிட்டேன். அவ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லல. இப்பவும் சொல்லல."

அஜிதநாதன் அவளையே பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தன் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"நான் அதைப் பொடியாக்கிட்டேனே சந்திரா."

பால் வாங்கப் போனவள் திரும்பவில்லை. அவர் கடைத்தெருவில் தேடினார். ஸ்டேஷனுக்கு ஓடினார். வியர்வை வழிய வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"மெட்ராஸ் வண்டி இப்பத்தான் போச்சாம். அவ ஏறினாளா, இல்லையான்னு ஒருத்தருக்கும் தெரியல. கூட்டத்துல யாரைன்னு பாக்கறதுன்னு கேக்கறாங்க. பள்ளிக்கூடத்துப் பக்கமும் போய்ப் பாத்துட்டேன். பூட்டிக் கெடக்குது."

"அவ கையில பாலு வாங்கற சில்லறை தவிர டிக்கெட்டுக்கு ஒண்ணும் இருந்திருக்காதே," என்றாள் சந்திரவதி. சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. வண்டி ஏறவில்லையென்றால் அவள் எங்கே போயிருப்பாள்? தண்டவாளம் ஊரைத் தாண்டி இரண்டு பக்கமும் ஆளில்லாமல் போவது கண்ணில் வந்தது.

அவள் எழுந்தாள். தூங்கும் பிள்ளையைத் தூக்கிக் கணவனின் மடியில் வைத்தாள்.

"ராத்திரி பூரா மூச்சைப் பாத்துக்கினே இருங்க. கண்ணசந்துடாதீங்க."

"நீ எங்க போற?"

"அவளைத் தேடத்தான். அந்த மெட்ராஸ் பள்ளிக்கூடத்து விலாசம் எனக்குத் தெரியும். அவ அங்க போயிருந்தா நல்லது."

"நீ தனியா எங்கயும் போனதில்லையே. விடிஞ்சதும் நான் போறேன்."

"நீங்க போனா அவ வர மாட்டா. பேசினது நானு."

மெட்ராஸ் போகும் அடுத்த பாசஞ்சர் வந்தபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. பெட்டிக்குப் பெட்டி ஆட்கள் வாசலில் தொங்கினார்கள். சந்திரவதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெண்கள் பெட்டி எதுவென்று தேடிப் பிளாட்பாரத்தில் ஓடினாள். கண்டுபிடிப்பதற்குள் கார்டு விசில் ஊதிவிட்டான். வாசல் முழுக்க முதுகுகள். கைப்பிடி எட்டவில்லை. வண்டி அசைந்தது.

உள்ளே இருந்து ஒரு கை நீண்டது. யாருடையது என்று பார்க்க நேரமில்லை. அவள் அதைப் பற்றிக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள்.